புதிதாய் வந்தவர் கேட்கும் கேள்வி

'விருந்து' என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்று நமக்கு வாழையிலையும் பாயசமும் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அச்சொல்லுக்கு முதற்பொருள் புதுமை என்பதே. செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றுக்குத் தொல்காப்பியர் 'விருந்து' என்று பெயரிட்டார். புதியதாகப் புனையப்படும் செய்யுள் என்பது அதன் கருத்து. எனவே விருந்தினர் என்பவர் உண்ண வந்தவராவதற்கு முன்னரே புதியவர், முன்பின் அறியப்படாதவர். உறவினர் வேறு, விருந்தினர் வேறு. வள்ளுவர் தம் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை இப்புதியவரைப் பேணும் கடமைக்கென்றே ஒதுக்கினார்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இந்தப் பழம்பொருளை அடிக்கடி நினைவிற் கொள்ள வேண்டும். சென்னையில் இரவு புறப்படும் தமிழ்நாடு விரைவு வண்டி, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாட் காலையில் புது டெல்லியை அடைகிறது. அதிலிருந்து இறங்குவோரில் மருத்துவமனையில் செவிலியராகச் சேர வருபவர் உண்டு. அரசு அலுவலகத்தில் முதல் நியமனம் பெற்றவர் உண்டு. கல்லூரி மாணவர் உண்டு. சமையல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வருபவர் உண்டு. இவர்களுடைய பெட்டிகள் வெவ்வேறானவை. ஆயினும் எல்லோரும் பொதுவாகச் சுமந்து வருவது ஒன்றுண்டு; அது கேள்வி. எங்கே தங்குவது? யாரை நம்புவது? இதை இந்தியில் எப்படிச் சொல்வது? இக்கேள்விகளை அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? தமிழ் பேசும் முதல் மனிதரைக் கண்டதும் அவரிடந்தான் கேட்பார்கள். அந்த முதல் மனிதர் நீங்களாகவோ நானாகவோ இருக்கக்கூடும்.

நாமும் புதியவர்களே

நம்முள் எவரும் இந்நகரங்களில் வேர்விட்டுத் தோன்றியவர் அல்லர். இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு 1911-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புது டெல்லி முறைப்படி 1931-இல் திறக்கப்பட்டது. அந்நாளில் அரசாங்கம் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் டெல்லிக்குமாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. அதனோடு தென்னாட்டு எழுத்தர்களும் தங்கள் குடும்பங்களுடன் பெயர்ந்தனர். பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வழி என்ற கேள்வி அவர்களை வாட்டியது. 1923-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மதராசிக் கல்விக் கழகம் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையாகும். அதுவே இன்று டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயருடன் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது.

டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றியது. பம்பாயில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இலும், பெங்களூரில் தமிழ்ச் சங்கம் 1950-இலும் தோன்றின. டெல்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் சுவாமிநாதன் கோயிலுக்கு 1973-இல் குடமுழுக்கு நடைபெற்றது. இன்று பெருங்கட்டடங்களாக நிற்கும் இந்நிலையங்களைக் காணும் இளைஞர், இவை எப்போதும் இங்கே இருந்தவை என்று எண்ணிவிடலாம். புதிய ஊரில் திகைத்து நின்ற சிலர் ஒருவரையொருவர் தேடிக் கண்டு, ஒருவர் கேள்விக்கு மற்றவர் விடை கூறியதிலிருந்தே இவை வளர்ந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

சிறிய கேள்வியின் பெரிய விலை

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகிறேன். நான் டெல்லிக்கு வந்த புதிதில், ஒரு தமிழர் கூட்டத்தில் பெரியவர் ஒருவரிடம் இந்தியில் மணி சொல்லும் முறையைப் பற்றி வினவினேன். அவர் சுற்றியிருந்தோரைப் பார்த்துச் சிரித்து, "இதுகூடத் தெரியாமலா தம்பி வண்டி ஏறினாய்?" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் தீய மனிதர் அல்லர். அன்று மாலை எனக்குச் சிற்றுண்டி வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஆனால் அதன்பின் நெடுநாள் நான் எவரிடமும் எதையும் கேட்கவில்லை.

பத்து நாட்கள் கழிந்தன. வேலை ஒன்றின் பொருட்டு ஓர் அதிகாரியைக் காண வேண்டியிருந்தது. அவருடைய அலுவலகத்தில் விசாரித்தபோது, மறுநாள் காலை 'பௌனே நௌ' மணிக்கு வரச் சொன்னார்கள். 'நௌ' என்றால் ஒன்பது என்பதை நான் அறிவேன். ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் பெருமிதத்துடன் போய் நின்றேன். அதிகாரி வெளியூருக்குப் புறப்பட்டுச் சென்றுவிட்டிருந்தார். 'பௌனே நௌ' என்பது ஒன்பதுக்குக் கால் மணி குறைவு, அதாவது எட்டேமுக்கால். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

அதை எனக்குப் பின்னர் விளக்கியவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார். பட்டாணி உரித்துக்கொண்டே அவர் கற்பித்த பாடம் இன்றும் என் நினைவிலிருக்கிறது. தமிழர் எட்டிலிருந்து முன்னோக்கிச் சென்று 'எட்டேமுக்கால்' என்கிறோம்; இந்தியினர் ஒன்பதிலிருந்து பின்னோக்கி வந்து 'பௌனே நௌ' என்கின்றனர். 'ஸவா நௌ' என்பது ஒன்பதேகால். 'ஸாடே நௌ' என்பது ஒன்பதரை. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் மட்டும் தனிச் சொற்கள் உண்டு. அவை 'டேட்', 'டாயி' என்பன. கடைக்காரர் 'டேட் ஸௌ' என்றால் நூற்றைம்பது ரூபாய். 'டாயி ஸௌ' என்றால் இருநூற்றைம்பது. 'கல்' என்ற சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். உடன் வரும் வினைச்சொல்லைக் கொண்டே அதைப் பிரித்தறிய வேண்டும். பெரியவரை 'ஆப்' என்று அழைக்க வேண்டும்; 'தூ' என்று விளித்தால் சண்டை மூளும்.

இவை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கத்தக்க செய்திகள். அன்று அந்தப் பெரியவர் நகைத்ததற்குச் செலவிட்ட நேரத்தில் இவற்றிற் பாதியைச் சொல்லியிருக்கலாம். கேள்வி எவ்வளவு எளிதாயிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைக் கேட்பவர் கூச்சத்தைக் கடந்து வந்திருக்கிறார் என்று நாம் கொள்ள வேண்டும். அதே கேள்வியை நாம் நூறு முறை கேட்டிருப்போம். நமக்கு அது நூற்றொன்றாவது முறை. கேட்பவருக்கோ அதுவே முதல் முறை.

விடை கூறுவோர்க்குச் சில குறிப்புகள்

நல்லெண்ணம் மட்டும் இருந்தாற் போதாது; கூறும் விடை சரியாகவும் இருத்தல் வேண்டும். தவறான விடையைக் கனிவோடு சொன்னாலும், அதனால் விளையும் தீங்கு குறைவதில்லை. புதியவர்கள் பெரும்பாலும் கேட்கும் நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வீடு. வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்திற்கே எழுதுகிறார்களே, பிறகு எங்களை வெளியேற்றிவிடுவார்களோ என்று பலர் அஞ்சுகின்றனர். ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையும் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுகிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்ப்பதற்காகவே பதினொரு மாத வழக்கம் ஏற்பட்டது. காலம் முடிந்ததும் புதிய ஒப்பந்தம் எழுதிக்கொள்வது பொதுவான நடைமுறை. குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் அளிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டால், அது நம்மை ஐயுறுவதாகாது என்பதையும் எடுத்துச் சொல்லலாம். வீட்டை நேரிற் பாராமலும் இரசீது பெறாமலும் முன்பணம் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கையை மட்டும் அழுத்திக் கூற வேண்டும்.

இரண்டாவது, குடும்ப அட்டை. 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' என்னும் திட்டம் 2022-ஆம் ஆண்டு முதல் எல்லா மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது எல்லா அட்டைகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிடலாகாது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் குடும்பங்களுக்கும் அந்தியோதயா குடும்பங்களுக்குமே அவ்வசதி உரியது. முன்னுரிமைக் குடும்பத்திற்கு ஆளொன்றுக்குத் திங்களுக்கு 5 கிலோ தானியம் உண்டு. அட்டை ஆதாருடன் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஊரில் தங்கியிருப்போர் தம் பங்கை அங்கேயும், வெளியூரில் இருப்பவர் தம் பங்கை இங்கேயும் பெறலாம். தமிழ்நாட்டில் மாநில அரசு கூடுதலாக வழங்கும் பொருள்களை இங்குள்ள கடையில் எதிர்பார்த்தல் கூடாது.

மூன்றாவது, பள்ளி. மாற்றுச் சான்றிதழ் வந்து சேரவில்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளை அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் சேர்ப்பதற்கு அச்சான்றிதழின் தாமதம் தடையாகாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கூறுகிறது. இந்த ஒரு செய்தியை அறியாமையால் ஒரு பிள்ளையின் ஓராண்டு வீணாகக்கூடும்.

நான்காவது, வாக்குரிமை. ஒருவருடைய பெயர் ஒரு தொகுதியின் பட்டியலில் மட்டுமே இருக்கலாம். முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவருக்கு உரியது ஆறாம் படிவம். இடம் மாறியவருக்கு உரியது எட்டாம் படிவம். ஊரில் ஒரு வாக்கும் இங்கே ஒரு வாக்குமாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை கூறுவோர் உண்டு. அது உதவியன்று, கேட்டவரைக் குற்றத்தில் மாட்டிவிடும் செயல்.

இந்நான்கு விடைகளிலும் பொதுவான ஒரு பாடம் உண்டு. எது வரையில் நமக்குத் தெரியுமோ, அது வரையில் மட்டுமே சொல்ல வேண்டும். எஞ்சியதற்கு, "எனக்குத் தெரியாது, இன்ன அலுவலகத்தில் கேட்போம், நானும் வருகிறேன்" என்று சொல்லத் தயங்கலாகாது. 'தெரியாது' என்று சொல்வது இழிவு என்று எண்ணிச் செவிவழிச் செய்தியைச் சட்டம்போல் உரைப்பவரால் விளையும் தொல்லை, வாய் திறவாதவரால் விளைவதைவிடப் பெரிது.

கேளாத கேள்வி

எல்லாவற்றினும் கடினமானது, புதியவருக்குக் கேட்கவே தோன்றாத கேள்விக்கு விடை கூறுவது. இதைப் பற்றி எழுதும்போது என் மனம் இன்றும் நடுங்குகிறது.

ஒரு சனவரி மாத மாலை. கடும் பனி. தென் மாவட்டத்திலிருந்து சமையல் வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆகியிருந்த இளைஞர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, இங்கே அடுப்புக்கரி மலிவாக எங்கே கிடைக்கும்?" என்று வினவினார். கேள்வி தெளிவானது, விடையும் எனக்குத் தெரியும். கடையின் பெயரைச் சொல்லிவிட்டு நடந்திருப்பேன். ஏதோ தோன்றி, "கரி எதற்கு, தம்பி?" என்று கேட்டேன். தாங்கள் ஐந்து பேர் ஓர் அறையில் தங்கியிருப்பதாகவும், குளிர் தாங்க முடியாமல் ஓர் அங்கீட்டி வாங்கியிருப்பதாகவும், இரவில் கதவையும் சாளரத்தையும் அடைத்துக்கொண்டு அதில் கரி மூட்டிப் படுக்கப்போவதாகவும் அவர் மகிழ்ச்சியோடு கூறினார்.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளியை உடலெங்கும் கொண்டு செல்வது குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள். அப்பொருள் உயிர்வளியைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் முதற் குறிகள். உறங்குபவர் அவற்றை உணரார். உறக்கத்திலேயே உயிர் பிரியும். வடநாட்டில் குளிர்காலந்தோறும் இவ்வகை மரணங்கள் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியை இயக்குவதிலும் இதே ஆபத்து உண்டு.

நம் ஊரில் சாளரத்தை மூடி உறங்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே இந்த ஆபத்து அந்த இளைஞருக்கு எப்படித் தெரியும்? தெரியாததைப் பற்றி அவர் எப்படிக் கேள்வி கேட்பார்? அன்றிரவு நானும் என் மனைவியும் வீட்டிலிருந்த இரண்டு ரஜாய்களை எடுத்துச் சென்று கொடுத்தோம். கரிச் சட்டி வெளி முற்றத்திற்குச் சென்றது. ஐவரும் இன்று வெவ்வேறு ஊர்களில் நலமாக இருக்கின்றனர்.

கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகையால் கேள்வியைக் கேட்டவுடன் விடை சொல்ல விரையாமல், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று பரிவோடு ஒரு சொல் கேளுங்கள். ஆனால் கேட்கத்தகாத கேள்விகளும் உண்டு. "எந்த ஊர்?" என்று தொடங்கி, "எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று நீண்டு சாதியில் சென்று முடியும் விசாரணையைப் புதியவர் ஒருவரிடம் நடத்துவது, கதவைத் திறப்பதுபோல் திறந்து அவர் முகத்தில் சாத்துவதற்கு ஒப்பாகும்.

பழையவரும் ஒரு நாள் புதியவரே

நெடுநாள் வாழ்ந்துவிட்டோம், இனி நாம் எவரையும் கேட்க வேண்டியதில்லை என்று இறுமாந்திருக்க இயலாது. டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி 'மதராசி முகாம்' என்றொரு குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தனர். வடிகாலின் நீரோட்டத்தைச் சீர்செய்யும் பொருட்டு, உயர்நீதிமன்ற ஆணையின்படி, 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அது இடித்து அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகளில், 189 குடும்பங்களே நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை எனக் கணிக்கப்பட்டன.

தலைமுறையாக டெல்லியில் வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் மீண்டும் புதியவர்கள் ஆயினர். வேலைக்குச் செல்லப் பேருந்து எது, பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளி எவ்வளவு தூரம், எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று அவர்களும் வினவ வேண்டியதாயிற்று. தகுதியைப் பத்திரங்களைக் கொண்டே அளக்கின்றனர். ஆகையால் புதிதாய் வருவோர்க்கு முதல் நாளிலேயே கூறத்தக்க அறிவுரை ஒன்றுண்டு: வாடகை இரசீது, மின்கட்டணச் சீட்டு, பள்ளிச் சான்று, வாக்காளர் அட்டை ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுப் பத்திரமாக வையுங்கள். இன்று வெறுங்காகிதமாய்த் தோன்றும் அவை, என்றோ ஒரு நாள் நீங்கள் இங்கே வாழ்ந்தீர்கள் என்பதற்குச் சாட்சி கூறும்.

புதியவர்களுக்கும் ஒரு சொல்

இவ்வளவு நேரம் பழையவர்களை நோக்கிப் பேசினேன். புதிதாய் வந்துள்ள அன்பர்களே, உங்களுக்கும் சில கடமைகள் உண்டு. கேட்கும்போது செய்தி முழுவதையும் கூறுங்கள். பாதியை மறைத்துக் கேட்டால் பாதி விடையே கிடைக்கும். பணம் கேட்பவரின் விடையை ஒருமுறைக்கு இருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். கேட்ட காரியம் முடிந்ததும், முடிந்த விதத்தை விடை கூறியவரிடம் வந்து சொல்லுங்கள். அடுத்து வருபவருக்கு அது பயன்படும். தமிழரைத் தேடிச் செல்லுங்கள். ஆனால் தமிழரோடு நின்றுவிடாதீர்கள். எனக்கு மணி சொல்லக் கற்பித்தவர் பஞ்சாபி அம்மையார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஓராண்டு கழிந்தபின் வேறொருவர் உங்களிடம் வந்து கேட்பார். அவருக்கு விடை கூற என்னைக் காட்டிலும் நீங்களே தகுதியுடையவர். நாற்பது ஆண்டு வாழ்ந்த எனக்கு, எது கடினமாயிருந்தது என்பதே மறந்துபோயிற்று. உங்களுக்கு அது பசுமையாக நினைவிருக்கும்.

மூன்றாம் நாட் காலையில் வண்டி மீண்டும் வந்து நிற்கும். பெட்டியுடன் ஒருவர் இறங்கி இருபுறமும் பார்ப்பார். கூட்டத்தில் எங்கோ தமிழ்க் குரல் கேட்டால் அவருடைய முகம் மலரும். அந்தக் குரலுக்குரியவர் நீங்களாயின், அவர் கேட்பதற்கு முன்பே, "ஊருக்குப் புதிதா? எங்கே போக வேண்டும்?" என்று வினவுங்கள்.